‘கேரியர்தானே’ என்று இருந்த 38 வருடம்

என் அண்ணன் ஒரு சொட்டு மது குடித்ததில்லை. இதை முதலிலேயே எழுதிவிடுகிறேன். ஏனென்றால் அவருக்கு ஈரலில் புற்றுநோய் என்று தெரிந்த நாளிலிருந்து, இங்கே சிங்கப்பூரில் ஈசூனிலும் சரி, ஊரில் மன்னார்குடியிலும் சரி, விஷயம் கேள்விப்பட்ட ஒவ்வொருவரும் முதலில் கேட்டது அதைத்தான். “குடிப்பாரோ?” சிலர் வாய்விட்டுக் கேட்டார்கள். சிலர் கேட்கவில்லை, முகத்தை மட்டும் ஒரு மாதிரி வைத்துக்கொண்டார்கள். அந்த முகங்களைப் பார்த்துப் பார்த்தே அண்ணி பாதி இளைத்துப்போனார். குடியால் ஈரல் கெட்டு இந்த நோய் வருவது உண்மைதான். ஆனால் ஆசியாவில் பல நாடுகளில் இதற்கு முதல் காரணம் ஈரலைத் தாக்கும் ஹெபடைட்டிஸ் பி கிருமி.

அந்தக் கிருமி அண்ணன் உடம்பில் இருப்பது எங்கள் வீட்டுக்கு 1986லேயே தெரியும். எனக்கு இன்னும் ஆறாதது அதுதான்.

அப்போது அவருக்கு 20 வயது. இங்கே இளைஞர்கள் கட்டாயமாகச் செய்ய வேண்டிய ராணுவப் பணியான தேசிய சேவையில் இருந்தார். முகாமில் ரத்ததானம் நடந்தபோது நண்பர்களோடு சேர்ந்து இவரும் கொடுத்துவிட்டு வந்தார். சில வாரம் கழித்து வீட்டுக்கு ஒரு கடிதம். உங்கள் ரத்தத்தில் ஹெபடைட்டிஸ் பி இருக்கிறது, இனி ரத்தம் கொடுக்க வேண்டாம், மருத்துவரைப் பாருங்கள் என்று. அந்தக் கடிதத்தை அம்மா கோங் குவான் பிஸ்கட் டின்னில் பிறப்புச் சான்றிதழ்களோடு வைத்திருந்தார். போன வருடம் நான் அதைத் தேடி எடுத்தேன். கிளிப் துருப்பிடித்து, தாளின் தலையில் பழுப்பாக ஒரு கோடு. மடிப்பு விழுந்த இடத்தில் எழுத்து தேய்ந்திருந்தது. ‘கேரியர்’, அதாவது கிருமியைச் சுமப்பவர், என்ற சொல் மட்டும் தெளிவாக இருந்தது.

கடிதத்தை எடுத்துக்கொண்டு அண்ணன் அப்போதே ஒரு மருத்துவரிடம் போயிருக்கிறார். “நீ வெறும் கேரியர். உனக்கு ஒன்றும் செய்யாது. ஏதாவது தொந்தரவு வந்தால் வா” என்றாராம் அவர். அன்றைக்கு இதற்கு மாத்திரையும் கிடையாது, அதனால் அவரை நான் முழுவதுமாகக் குறை சொல்லமாட்டேன். ஆனால் அந்தச் சொல் எங்கள் வீட்டில் தங்கிவிட்டது. அம்மாவுக்குக் கேரியர் என்றால் சாப்பாட்டுக் கேரியர். மற்றவர்களுக்காகச் சுமந்துகொண்டு போவது, அவ்வளவுதான். சுமக்கிறவருக்கே அது கெடுதல் செய்யும் என்று யாருக்கும் தோன்றவில்லை. தொந்தரவு வந்தால் வா என்றார், தொந்தரவு வரவில்லை, அண்ணன் போகவில்லை. கப்பல் பட்டறையில் வேலை, கல்யாணம், இரண்டு பிள்ளைகள் என்று 38 வருடம் ஓடிவிட்டது.

அம்மா 1994ல் போனார். வயிறு பெருத்து, கால் வீங்கி, கண் மஞ்சளாகி, கடைசி மூன்று மாதம் படுக்கைதான். பாட்டி அதை மகோதரம் என்றார். எங்கள் புளோக்குக்குக் கீழே புல்வெளி ஓரத்தில் முளைத்திருக்கும் கீழாநெல்லியைப் பறித்து வரச் சொல்லி, அரைத்து மோரில் கலக்கிக் கொடுப்பார். அந்தப் பச்சை வாடை இப்போதும் எனக்கு மூக்கில் நிற்கிறது. (கீழாநெல்லியைப் பற்றி இங்கே ஒன்று சொல்ல வேண்டும். சென்னைப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் ஹெபடைட்டிஸ் பி உள்ளவர்களுக்கு அதைக் கொடுத்துப் பார்த்து, நல்ல பலன் தெரிந்ததாக 1988ல் லான்செட் இதழில் எழுதினார்கள். பிறகு மற்ற இடங்களில் செய்து பார்த்தபோது அந்தப் பலன் கிடைக்கவில்லை. பாட்டியின் கையை நான் மதிக்கிறேன். ஆனால் ஹெபடைட்டிஸ் பி இருக்கிறவர்கள் கீழாநெல்லியை நம்பி மருத்துவரிடம் போகாமல் இருந்துவிடாதீர்கள்.) அம்மாவுக்கு என்ன நோய் என்று யாரும் எங்களிடம் சரியாகச் சொன்னதில்லை. இன்றைக்கு யோசித்தால் அண்ணனுக்கு எங்கிருந்து வந்தது என்பது ஓரளவு புரிகிறது. பிறக்கும்போது தாயிடமிருந்து இந்தக் கிருமி தொற்றினால், 100 குழந்தைகளில் சுமார் 90 பேருக்கு அது வாழ்நாள் முழுக்கத் தங்கிவிடுகிறது. பெரியவர்களான பிறகு தொற்றினால் பெரும்பாலோருக்குத் தானாகவே போய்விடும்.

சரி, 2024க்கு வருகிறேன்.

‘ஹெல்தியர் எஸ்ஜி’ என்ற அரசாங்க உடல்நலத் திட்டத்தில் சேரச் சொல்லி அண்ணனுக்குக் குறுஞ்செய்தி வந்தது. பலதுறை மருந்தகத்துக்கு (பாலிகிளினிக்) போனார். இரத்த அழுத்தம், சர்க்கரை எல்லாம் பார்த்துவிட்டு அங்கே இருந்த இளம் மருத்துவர், ஒரு சீனப் பெண், கடைசியாக ஒரு கேள்வி கேட்டாராம். “ஹெபடைட்டிஸ் பி எப்போதாவது பரிசோதித்திருக்கிறீர்களா?” அண்ணன் சாதாரணமாக, “நான் கேரியர்தான், டாக்டர்” என்றிருக்கிறார். அவர் எழுதுவதை நிறுத்திவிட்டு, கடைசியாக எப்போது ஸ்கேன் எடுத்தீர்கள் என்று கேட்டார். இவர் எடுத்ததே இல்லை.

அதுவரைக்கும் வேலையிடத்தில் வருடா வருடம் உடல் பரிசோதனை செய்திருக்கிறார்கள். நான் கணக்கு எழுதுகிறவள், காகிதத்தை வரிசையாக அடுக்கிப் பார்ப்பது என் பழக்கம். 11 வருட ரிப்போர்ட்டையும் சாப்பாட்டு மேசையில் பரப்பினேன். ஈரலுக்கான எஸ்ஜிபிடி அளவு எல்லா வருடமும் நார்மல். அதைப் பார்த்துத்தான் நாங்கள் நிம்மதியாக இருந்தோம். ஆனால் இன்னொரு வரி இருந்தது: ரத்தம் உறைய உதவும் ரத்தத் தட்டுகள் (பிளேட்லெட்). 2013ல் 190 ஆயிரம். அப்புறம் 170, 155, 140. 2023ல் 118. யாரும் அதை வட்டமிடவில்லை. ஈரல் மெதுவாகத் தழும்பாகி இறுகும்போது அதற்குள் போகும் ரத்தத்துக்குத் தடை ஏற்படும், மண்ணீரல் வீங்கும், வீங்கிய மண்ணீரல் தட்டுகளைப் பிடித்து வைத்துக்கொள்ளும். தட்டு குறைவதற்கு வேறு காரணங்களும் உண்டுதான். ஆனால் ஹெபடைட்டிஸ் பி இருக்கும் ஒருவருக்கு இப்படிப் படிப்படியாக இறங்கினால், அது ஈரல் சுருக்கம் (சிரோசிஸ்) எனப்படும் அந்த இறுக்கத்தின் தடயமாக இருக்கலாம். எஸ்ஜிபிடி என்பது செல்கள் இப்போது உடைகின்றனவா என்பதைத்தான் காட்டும். உள்ளே தழும்பு இருக்கிறதா, கட்டி இருக்கிறதா என்பது அதற்குத் தெரியாது.

இரண்டு வாரத்தில் அல்ட்ராசவுண்ட் எடுத்தார்கள். வலப்பக்க ஈரலில் 2.4 சென்டிமீட்டரில் ஒரு கட்டி.

அதோடு ஏஎஃப்பி என்ற ரத்தப் பரிசோதனையும் செய்தார்கள். முழுப்பெயர் ஆல்ஃபா ஃபீட்டோபுரோட்டீன். கருவில் இருக்கும் குழந்தையின் ஈரல் சுரக்கும் புரதம் இது. பிறந்த பிறகு குறைந்துவிடும். ஈரல் புற்றுநோய்ச் செல்கள் பல நேரம் அதை மறுபடி சுரக்க ஆரம்பிக்கும். அண்ணனுக்கு அது 6தான், முழுக்க நார்மல். அன்று மாலை தம்பி தொலைபேசியில் சந்தோஷமாகச் சொன்னான்: “அக்கா, கேன்சர் மார்க்கர் நார்மல். ஒண்ணும் இருக்காது.” நானும் நம்பினேன். அந்த ஒரு வாரம் நான் நன்றாகத் தூங்கினேன் என்பதை நினைத்தால் இப்போது வயிற்றைப் பிசைகிறது. ஈரல் புற்றுநோய் உள்ளவர்களில் கணிசமானவர்களுக்கு, அதுவும் கட்டி சின்னதாக இருக்கும்போது, ஏஎஃப்பி ஏறுவதே இல்லை. புற்றுநோய் இல்லாமல் வெறும் ஈரல் அழற்சியில் அது ஏறுவதும் உண்டு. அதனால்தான் அதை மட்டும் வைத்து முடிவு செய்வதில்லை.

அறிகுறி ஏதாவது இருந்ததா என்று நிறையப் பேர் கேட்டார்கள். இல்லை. நாங்கள் எல்லாரும் உட்கார்ந்து யோசித்துப் பார்த்தோம். பசி இருந்தது. எடை குறையவில்லை. ஞாயிற்றுக்கிழமை அதிகாலையில் டெக்கா சந்தைக்குப் போய் இரண்டு கையிலும் பை தூக்கி வந்த மனுஷர். ஈரலின் உள்சதைக்கு வலி உணரும் நரம்பு கிடையாது, மேலே போர்த்தியிருக்கும் உறைக்குத்தான் உண்டு. கட்டி பெரிதாகி உறையை இழுக்கும்போதுதான் வலது விலாவுக்குக் கீழே பாரமும் வலியும் தெரியும், சிலருக்கு வலது தோளில் வலிக்கும். கொஞ்சம் சாப்பிட்டாலே வயிறு நிறைவது, காரணமில்லாமல் இளைப்பது, கண் மஞ்சளாவது, வயிற்றில் நீர் கோத்துக்கொள்வது, அரிப்பு, இவையெல்லாம் பெரும்பாலும் நோய் முற்றிய பிறகு வருகிறவை. அம்மாவிடம் நாங்கள் பார்த்தது அந்தக் கட்டத்தைத்தான். ‘தொந்தரவு வந்தால் வா’ என்பது இந்த நோய்க்குப் பொருந்தாது. நான் எழுத உட்கார்ந்ததே அதனால்தான்.

அடுத்தது மருத்துவமனையில் சிடி ஸ்கேன். இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் எனக்கு நம்பிக்கை வந்த இடம் இது.

கையில் ஊசி வழியாக, படத்தில் வெள்ளையாகத் தெரியும் ஒரு மருந்தை ஏற்றி, மூச்சைப் பிடிக்கச் சொல்லி, அதே ஈரலைத் திரும்பத் திரும்பப் படம் எடுக்கிறார்கள். மருந்து ஏறியபோது தொண்டையிலிருந்து அடிவயிறு வரை சுடுநீர் ஊற்றியது போல ஓடியது என்றார் அண்ணன். மருந்து ஏற்றிச் சுமார் அரை நிமிடத்தில் ஒரு தடவை, ஒரு நிமிடத்துக்குச் சற்று மேலே ஒரு தடவை, மூன்று நிமிடத்தில் இன்னொரு தடவை. ஒரு வாரம் கழித்து அண்ணன், அண்ணி, நான் மூவரும் மருத்துவர் முன்னால் உட்கார்ந்தோம். அவர் திரையை எங்கள் பக்கம் திருப்பினார். முதல் படத்தில் ஈரல் முழுக்கச் சாம்பல் நிறம், வலப்பக்கம் ஒரு உருண்டை மட்டும் வெள்ளையாக மின்னியது. அடுத்த படத்தில் ஈரல் முழுக்க வெளுத்துவிட்டது, அந்த உருண்டை மட்டும் கறுத்துப்போயிருந்தது. ஓரத்தில் மெல்லிய வளையம் போல ஒரு தோல்.

எனக்கு உடனே நினைவுக்கு வந்தது தீபாவளிச் சமயத்துச் சிராங்கூன் ரோடு. தெருவே இருட்டாக இருக்கும்போது ஒரு கடையில் மட்டும் விளக்கு எரிகிறது. தெருவிளக்கு எல்லாம் போட்ட பிறகு அந்தக் கடை மட்டும் அணைந்து கிடக்கிறது.

ஏன் அப்படி என்று அவர் ஒரு தாளில் வரைந்து காட்டினார். ஈரலுக்கு ரத்தம் இரண்டு குழாயில் வருகிறது. ஒன்று இதயத்திலிருந்து வரும் தமனி. இன்னொன்று குடலிலிருந்து சத்தைச் சுமந்து வரும் போர்ட்டல் சிரை. நல்ல ஈரல் முக்கால் பங்கு ரத்தத்தை இந்தச் சிரையிலிருந்துதான் எடுத்துக்கொள்கிறது. புற்றுக்கட்டி வளர வளரத் தமனியிலிருந்து தனக்கென்று புதுக் குழாய்களை இழுத்துக்கொள்கிறது. ஊசியில் போட்ட மருந்து தமனி வழியாகத்தான் முதலில் வந்து சேரும். அதனால் கட்டி முதலில் மின்னுகிறது. சிரை வழியாக மருந்து வந்து மற்ற ஈரல் வெளுக்கும் நேரத்தில், கட்டியிலிருந்து அது கழுவிக்கொண்டு போயிருக்கும்.

ரிப்போர்ட்டில் ‘லைராட்ஸ் 5’ என்று இருந்தது. ஈரல் கட்டிகளை ஒன்றிலிருந்து ஐந்து வரை தரம் பிரிக்கும் முறை அது. 1 என்றால் நிச்சயமாகச் சாதாரணக் கட்டி. 5 என்றால் நிச்சயமாக ஈரல் செல்லிலேயே தோன்றிய புற்றுநோய். “இதற்குப் பயாப்ஸி, அதாவது சதையை எடுத்துப் பார்ப்பது, தேவையில்லை” என்றார் மருத்துவர்.

இதுதான் வீட்டில் பெரிய பிரச்சினையாகிவிட்டது. சென்னையில் இருக்கும் எங்கள் மாமா மகன், சதையை எடுத்துப் பார்க்காமல் யாராவது புற்றுநோய் என்று சொல்வார்களா, அங்கே ஏமாற்றுகிறார்கள், ரிப்போர்ட்டை எடுத்துக்கொண்டு இங்கே வாங்க என்று தினமும் அழைத்தார். அக்கறையில்தான் சொன்னார். மார்பகம், குடல் என்று மற்ற இடங்களில் சதையை எடுத்துப் பார்த்துத்தான் முடிவு சொல்வார்கள் என்பதால் அவர் கேட்டதில் தப்பும் இல்லை. நான் மறுபடி மருத்துவரிடம் நேரிலேயே கேட்டேன். அவர் கோபப்படவில்லை. ஈரல் சுருக்கமோ நாட்பட்ட ஹெபடைட்டிஸ் பியோ இருப்பவரின் ஈரலில் ஒரு சென்டிமீட்டருக்குக் குறையாத கட்டி இப்படி மின்னி, இப்படிக் கறுத்தால், அது வேறெதுவாகவும் இருக்க வாய்ப்பு மிகமிகக் குறைவு என்றார். ஊசி போட்டு எடுத்தால் ரத்தக்கசிவு ஆகலாம், தட்டு குறைந்தவருக்கு அது இன்னும் ஆபத்து. ஊசி போன பாதையில் புற்றுச் செல் விழுந்து முளைப்பதும் வெகு சிலருக்கு நடக்கிறது.

எல்லாருக்கும் அப்படியில்லை என்பதையும் அவரே சொன்னார். ஹெபடைட்டிஸ் பியோ சுருக்கமோ இல்லாதவருக்கு இதே படம் வந்தாலும் சதை எடுத்துப் பார்க்கத்தான் வேண்டும். படம் இந்த மாதிரியில் பொருந்தாவிட்டால் எம்ஆர்ஐ எடுப்பார்கள், அதிலும் தெளிவில்லை என்றால் பயாப்ஸி. பித்தநாளப் புற்றுநோயும் ஈரலுக்குள் தோன்றும், குடலிலிருந்து பரவி வந்து ஈரலில் தங்கியதும் இருக்கும், அவற்றுக்கு வைத்தியமே வேறு. ரத்தக்குழாய் முடிச்சு மாதிரி ஒன்றும் செய்யாத கட்டிகளும் நிறைய உண்டு. அது ஓரத்திலிருந்து மெதுவாக உள்ளே வெளுத்துக்கொண்டு போகும், பிறகு கறுக்காது. ஆகவே ‘ஈரல்ல கட்டி’ என்று கேட்டவுடனே யாரும் உடைந்துபோக வேண்டாம்.

வைத்தியத்தைச் சுருக்கமாகவே சொல்கிறேன். 3 சென்டிமீட்டருக்கு உட்பட்ட ஒரே கட்டி, ஈரலின் வேலைத்திறன் ‘ஏ’ நிலை, அதாவது நல்ல நிலை, ரத்தக்குழாயில் பரவவில்லை. பல துறை மருத்துவர்கள் கூடிப் பேசி, தோல் வழியாக ஊசி செலுத்தி நுண்ணலையால் கட்டியைச் சுட்டுவிட முடிவு செய்தார்கள். “ஊசி போட்டால் பரவும் என்றீர்களே, இதுவும் ஊசிதானே?” என்று அண்ணி கேட்டார். எனக்குத் தோன்றாத கேள்வி. வெளியே எடுக்கும்போது வந்த பாதையையும் சுட்டுக்கொண்டே எடுப்போம் என்றார் மருத்துவர். இரண்டு இரவு மருத்துவமனையில் இருந்தார். இப்போது தினமும் கிருமியை அடக்கி வைக்கும் என்டெகாவிர் மாத்திரை. சாப்பாட்டுக்கு முன்னும் பின்னும் இரண்டு மணி நேரம் வெறும் வயிறாக இருக்க வேண்டும் என்பதால் ராத்திரி பத்தரைக்குப் போடுகிறார், நான் பத்தரைக்கு ஒரு செய்தி அனுப்புவேன், அவர் கட்டைவிரலைக் காட்டுவார்.

வீட்டுக்கு வந்த அன்று நடந்ததை எழுதாமல் இருக்க முடியவில்லை. அண்ணி ரசம் சாதம் போட்டார். அண்ணன் எழுந்துபோய் ஒரு பிளாஸ்டிக் தட்டும் டம்ளரும் எடுத்துவந்து, இனி எனக்கு இது தனி என்றார். யாரோ ஒட்டிக்கொள்ளும் என்று சொல்லியிருக்கிறார்கள். 58 வயது மனுஷர், தலையைக் குனிந்துகொண்டு அந்தத் தட்டை மேசை ஓரத்தில் வைத்தார். நான் அவர் தட்டிலிருந்தே ஒரு கவளம் எடுத்துச் சாப்பிட்டேன். ஹெபடைட்டிஸ் பி சாப்பாட்டில் ஒட்டாது, எச்சில் தட்டில் ஒட்டாது, கட்டிப்பிடித்தால் ஒட்டாது. ரத்தம், பிரசவம், உடலுறவு, இவற்றின் வழியாகத்தான். சவர பிளேடும் பல் துலக்கும் பிரஷ்ஷும் மட்டும் பொதுவில் வேண்டாம்.

பிறகு நாங்கள் எல்லாரும் பரிசோதித்தோம். சிங்கப்பூரில் பிறக்கும் எல்லாக் குழந்தைகளுக்கும் ஹெபடைட்டிஸ் பி தடுப்பூசி 1987ல்தான் வந்தது. அதற்கு இரண்டு வருடம் முன்பிருந்து, கிருமி உள்ள தாய்மார்களின் பிள்ளைகளுக்கு மட்டும் போட்டார்கள். அண்ணன் பிள்ளைகள் இருவரும் அதற்குப் பிறகு பிறந்தவர்கள், அவர்களுக்குப் பாதுகாப்பு இருக்கிறது. அண்ணிக்கும் இருக்கிறது. நான் 1972. எனக்குக் கிருமியும் இல்லை, எதிர்ப்புச் சக்தியும் இல்லை. மூன்று ஊசி போட்டுக்கொண்டேன், முதல் ஊசி, ஒரு மாதத்தில் இரண்டாவது, ஆறாவது மாதத்தில் மூன்றாவது.

தம்பிக்குக் கிருமி இருந்தது. 49 வயதில், எஸ்ஜிபிடி நார்மலாக, எந்தத் தொந்தரவும் இல்லாமல்.

1987க்கு முன் பிறந்தவர்களே, ஊரிலிருந்து இங்கே வந்து தடுப்பூசி போட்டதா என்று தெரியாதவர்களே, ஒரு தடவை ரத்தப் பரிசோதனை செய்து பார்த்துவிடுங்கள். கிருமி இருந்தால், ஆண்களுக்கு 40 வயதிலிருந்தும் பெண்களுக்கு 50 வயதிலிருந்தும் ஆறு மாதத்துக்கு ஒரு முறை அல்ட்ராசவுண்ட் அவசியம். குடும்பத்தில் யாருக்காவது ஈரல் புற்றுநோய் வந்திருந்தால் அதற்கும் முன்பே. ஈரல் சுருக்கம் இருந்தால் வயதே பார்க்க வேண்டாம். நம் ஆட்களில் சர்க்கரையும் கொழுப்பு ஈரலும் எவ்வளவு பேருக்கு இருக்கிறது என்று உங்களுக்கே தெரியும், அதுவும் சிலருக்குச் சுருக்கத்தில் கொண்டுபோய் விடுகிறது. சிங்கப்பூரில் ஆண்களின் புற்றுநோய் மரணங்களில் முதல் மூன்று இடங்களுக்குள் ஈரலும் நிற்கிறது.

தம்பிக்கு முதல் ஸ்கேனில் ஒன்றும் இல்லை. இரண்டாவது போன செவ்வாய்க்கிழமை. அவனுக்கு அன்று வேலை அதிகம், தள்ளிப்போடலாமா என்று கேட்டான். அண்ணன் வேலைக்கு விடுப்புப் போட்டுவிட்டு காலை ஏழு மணிக்கே அவன் வீட்டு வாசலில் போய் நின்றுவிட்டார். எதுவும் சாப்பிடாமல் போக வேண்டும் என்பதால் இருவருமே கோப்பி கூடக் குடிக்காமல் எம்ஆர்டி ரயிலில் போயிருக்கிறார்கள். பத்தேகாலுக்குக் கோப்பிக்கடையிலிருந்து ஒரு படம் வந்தது. இரண்டு தோசைத் தட்டு, இரண்டு தேத்தண்ணி, நடுவில் அடுத்த தேதி எழுதிய அட்டை.